சாயத் தண்ணீரின் நிறத்தை நம்பலாமா?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வேக்ஃபீல்ட் என்றோர் ஊர் இருக்கிறது. கால்டர் என்ற ஆறு அதன் வழியாக ஓடுகிறது. 1860களில் அவ்வூர்க்காரர் ஒருவர், நகரத்துச் சாக்கடை ஆற்றில் வந்து கலக்கும் இடத்தில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு வந்தார். அதில் பேனாவைத் தோய்த்து ஒரு கடிதம் எழுதினார். மை ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. எழுத்து நன்றாகவே விழுந்தது! இந்தத் தாளோடு நாற்றத்தையும் சேர்த்து அனுப்ப வழியில்லையே என்று அந்தக் கடிதத்திலேயே அவர் கேலி வேறு செய்திருந்தார். ஆறுகளின் மாசைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த அரசு ஆணையம், அந்தக் கடிதத்தை அப்படியே படியெடுத்துத் தன் அறிக்கையில் அச்சிட்டது.

வேக்ஃபீல்டுக்கு மேலே, கால்டரின் கரையிலும் அதில் வந்து சேரும் சிற்றாறுகளின் கரையிலும் வரிசையாகக் கம்பளி நகரங்கள் இருந்தன. ஹாலிஃபாக்ஸ், ஹடர்ஸ்ஃபீல்ட், டியூஸ்பரி என்று பல. செம்மறியாட்டு உரோமத்தைக் கழுவி, நூற்று, நெய்து, சாயமேற்றி உலகம் முழுவதற்கும் விற்ற ஊர்கள் அவை. உரோமத்தைக் கழுவிய எண்ணெய்ப் பிசுக்கு, சாயத் தொட்டியில் மிஞ்சிய தண்ணீர், ஊர்ச் சாக்கடை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கால்டரில்தான் விழுந்தன.

மாணவர்களே, ஆறு கெட்டுவிட்டது என்று காட்ட அந்த ஒரு கடிதம் போதும். ஆனால் யாரால் கெட்டது, எவ்வளவு கெட்டது, எதை நிறுத்தினால் மீன் திரும்பி வரும் என்று கேட்டால் அந்தக் கடிதத்திடம் பதில் இல்லை. ஓர் ஆலை முதலாளியிடம் போய், ‘உங்கள் தண்ணீர் கறுப்பாக இருக்கிறது’ என்றால், ‘பக்கத்து ஆலைத் தண்ணீர் சிவப்பாக இருக்கிறதே’ என்பார். அளந்து எடுத்த எண்ணைக் காட்டினால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. சரி, எதை அளப்பது? கண்ணுக்குத் தெரிகிற நிறத்தையா?

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

கம்பளி என்பது கெராட்டின் எனும் புரதம். நம் தலைமுடியும் நகமும் அதே புரதம்தான். கம்பளியை அமிலம் கலந்த வெந்நீரில் போட்டால், அந்தப் புரதத்தில் உள்ள அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டம் பெறுகின்றன. ‘அமிலச் சாயம்’ என்று அழைக்கப்படும் சாயங்களின் மூலக்கூறுகளோ எதிர்மின்னூட்டம் உள்ளவை. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. தண்ணீரைக் கிட்டத்தட்டக் கொதிநிலையில் வைத்திருந்தால் சாயம் இழையின் உள்ளே வரை இறங்கிவிடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கொஞ்சம் வெள்ளைக் கம்பளி நூல், உணவில் சேர்க்கும் செயற்கை நிறம் சில சொட்டுகள், இரண்டு மேசைக்கரண்டி வினிகர். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, மெல்லிய தீயில் அரை மணி நேரம் சூடாக்குங்கள். உணவு நிறங்கள் பலவும் அமிலச் சாயங்களே என்பதால் நூல் நிறத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் ஏறக்குறையத் தெளிந்துவிடும். பருத்தி நூலைப் போட்டால் இப்படி ஆகாது. நூலை எடுத்துவிட்டு, தெளிந்த அந்தத் தண்ணீரில் நீல லிட்மஸ் தாளைத் தோய்த்துப் பாருங்கள். சிவப்பாக மாறும். நிறம் போய்விட்டது, வினிகர் அங்கேயேதான் இருக்கிறது.

இந்தச் சின்னச் சோதனையை ஓர் ஆலையின் அளவுக்குப் பெரிதாக்குவோம். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன்; இவை ஆலைக்கு ஆலை மாறும். கம்பளி நூல் 100 கிலோகிராம். தண்ணீர் 1,500 லிட்டர். சாயம் 2 கிலோகிராம். வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலம் 2 கிலோகிராம்.

சாயத்தில் 95 விழுக்காட்டைக் கம்பளி இழுத்துக்கொண்டது என்று வையுங்கள். நல்ல தேர்ச்சிதான். மிச்சம் 100 கிராம். அதை 1,500 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 67 மில்லிகிராம் வருகிறது. பல சாயங்கள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும். ஆகவே தொட்டியைத் திறந்துவிட்டால் ஆறு நிறம் மாறுவதை ஊரே பார்க்கும்.

இப்போது அமிலத்தைப் பாருங்கள். சாயம் கம்பளியில் ஏற அது உதவுகிறதே தவிர, செலவாகிவிடுவதில்லை. கொஞ்சம் ஆவியாகலாம், கொஞ்சம் நூலோடு போகலாம். அதை விட்டுவிட்டால் 2,000 கிராமை 1,500 ஆல் வகுக்க, லிட்டருக்கு ஏறத்தாழ 1,330 மில்லிகிராம். நிறமே இல்லாத ஒரு பொருள், சாயத்தைப் போல 20 மடங்கு!

வினிகர்தானே, நாம் சாப்பிடுவதுதானே என்று நினைக்க வேண்டாம். ஆற்றில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் அது சாப்பாடுதான். பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

மீனுக்கு மூச்சு முட்டுவது எதனால்?

தண்ணீரில் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், மிகக் கொஞ்சமே கரையும். யார்க்‌ஷயரின் குளிர்ந்த ஆற்றில், சுமார் 15 பாகை செல்சியசில், லிட்டருக்கு 10 மில்லிகிராம். நம் நாட்டு ஆறுகளைப் போல 28 பாகையில் என்றால் 8 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. மீனும் புழுவும் பூச்சியும் அந்தக் கொஞ்சத்தில்தான் மூச்சு விடுகின்றன.

பாக்டீரியா அசிட்டிக் அமிலத்தைத் தின்னும்போது இந்த உயிர்வளியைத்தான் எடுத்துக்கொள்கிறது. சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: ஒரு மோல் அசிட்டிக் அமிலம், அதாவது 60 கிராம், முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைய இரண்டு மோல் ஆக்சிஜன், அதாவது 64 கிராம் வேண்டும். நம் தொட்டியின் 2 கிலோகிராம் அமிலத்துக்கு ஏறத்தாழ 2.1 கிலோகிராம் உயிர்வளி. குளிர்ந்த ஆற்றுநீர் 213,000 லிட்டரில் கரைந்திருக்கும் மொத்த உயிர்வளிக்கு அது சமம். ஆறு ஓட ஓடக் காற்றிலிருந்து மீண்டும் உயிர்வளி கரையும் என்பது உண்மை. ஆனாலும் ஒரு தொட்டி, ஒரு தடவைக்கு இந்தக் கணக்கு. ஒரு நகரத்தில் எத்தனை தொட்டிகள்!

மிஞ்சிய சாயம் எவ்வளவு கேட்கும்? தாராளமாக ஒரு கிராம் சாயத்துக்கு 2 கிராம் உயிர்வளி என்று வைத்தாலும், 100 கிராமுக்கு 200 கிராம்தான். அமிலம் கேட்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆற்றின் நிறத்தை மாற்றுவது சாயம். மீனின் மூச்சை அடைப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த அமிலம். நிறத்தை மட்டும் பார்த்து வழக்குப் போட்டால் ஆள் மாறிப்போகும்.

இதைப் புரிந்துகொண்ட சாயப்பட்டறைகள் ஓர் எளிய மாற்றம் செய்தன. அசிட்டிக் அமிலத்துக்குப் பதிலாக ஃபார்மிக் அமிலம். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதற்குக் காரணமான அமிலம் இது. இதன் 46 கிராமுக்கு 16 கிராம் உயிர்வளி போதும். எடைக்கு எடை பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு. போதாததற்கு இது சற்று வலிமையான அமிலம் என்பதால் குறைவாகச் சேர்த்தாலே போதும். புதிய இயந்திரம் வாங்காமல், சுத்திகரிப்பு நிலையம் கட்டாமல், ஆற்றின் சுமை இறங்குகிறது. அளந்து பார்த்திராவிட்டால் இது யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஐந்து நாள் காத்திருப்பு

பாக்டீரியா கேட்கும் உயிர்வளியை நேரடியாக அளக்கும் முறைக்கு உயிர்வேதி உயிர்வளித் தேவை என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் சுருக்கமாக பி.ஓ.டி. என்பார்கள். 1898 முதல் 1915 வரை செயல்பட்ட பிரிட்டனின் கழிவுநீர் அரச ஆணையம்தான் இதை ஊரறிந்த அளவாக்கியது. தண்ணீரைப் போத்தலில் அடைத்து, இருட்டில் ஐந்து நாள் வைத்து, உயிர்வளி எவ்வளவு குறைந்தது என்று பார்க்க வேண்டும். அவர்கள் 65 பாகை ஃபாரன்ஹீட்டில் வைத்தார்கள். இப்போது உலகெங்கும் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ். ஏன் இருட்டு என்கிறீர்களா? வெளிச்சம் பட்டால் போத்தலுக்குள் இருக்கும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து புதிதாக உயிர்வளியை உண்டாக்கிவிடும், கணக்குக் கெடும்.

சாயக் கழிவுநீரை அப்படியே அடைத்தால் உள்ளே இருக்கும் உயிர்வளி சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும். அதனால் நீர்க்க வைக்க வேண்டும். 300 மில்லிலிட்டர் போத்தலில் 3 மில்லிலிட்டர் கழிவுநீர், மீதி உயிர்வளி நிறைந்த சுத்தமான நீர். முதல் நாள் 8.8, ஐந்தாம் நாள் 4.8 என்றால் குறைந்தது 4. நூறு மடங்கு நீர்த்திருப்பதால் விடை லிட்டருக்கு 400 மில்லிகிராம்.

1912இல் அந்த ஆணையம் ஒரு வரம்பு சொன்னது: ஆற்றில் விடும் கழிவுநீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அது குருட்டாம்போக்கில் பிறந்த எண் இல்லை. ஆற்று நீரின் பி.ஓ.டி. 4ஐத் தாண்டினால் ஆறு நாறத் தொடங்குகிறது என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஓரளவு சுத்தமான ஆற்றில் ஏற்கெனவே 2 இருக்கும். கழிவுநீர் ஒரு பங்கு, ஆற்றுநீர் எட்டுப் பங்கு என்று கலந்தால், எட்டு இரண்டு பதினாறு, அதோடு இருபது, மொத்தம் முப்பத்தாறு. ஒன்பதால் வகுத்தால் 4. அவ்வளவுதான்! மலேசியாவின் 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளைப் புரட்டினால், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே உள்ள ஆலைகளுக்கான வரம்பாக அதே 20 இருப்பதைக் காணலாம். கீழே உள்ள ஆலைகளுக்கு 50.

ஐந்து நாள் காத்திருக்க எல்லாராலும் முடியாது. சாயப்பட்டறையில் காலையில் திறந்துவிட்ட தண்ணீருக்கு அடுத்த வாரம் பதில் வந்து என்ன பயன்? அதனால் இரண்டாவது முறை ஒன்று உண்டு. பாக்டீரியாவுக்குப் பதில் பொட்டாசியம் டைகுரோமேட்டையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து 150 பாகையில் இரண்டு மணி நேரம் சூடாக்குவார்கள். தண்ணீரில் உள்ள கரிமப் பொருள்களை ஏறக்குறைய முழுவதும் அது எரித்துவிடும். செம்மஞ்சள் நிற டைகுரோமேட் பச்சையாகிக்கொண்டே போகும். படிவம் ஐந்தில் இரசாயனம் படிப்பவர்களுக்கு இது பழகிய நிறமாற்றம்தான். எவ்வளவு டைகுரோமேட் செலவானது என்று பார்த்தால் வேதி உயிர்வளித் தேவை, அதாவது சி.ஓ.டி., கிடைக்கும்.

பாக்டீரியா தின்னாததையும் டைகுரோமேட் எரித்துவிடுவதால் சி.ஓ.டி. எப்போதும் பெரியது. இரண்டுக்கும் இடைவெளி அதிகம் என்றால், பாக்டீரியாவால் செரிக்க முடியாத ஏதோ ஒன்று தண்ணீரில் இருக்கிறது. சாய மூலக்கூறுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை. வெயிலிலும் சலவையிலும் அழியக்கூடாது என்றே உருவாக்கப்பட்டவை எளிதில் மக்குமா?

அழுக்குத் தண்ணீர் ‘சுத்தம்’ ஆகும் மாயம்

பி.ஓ.டி. சோதனை போத்தலுக்குள் வாழும் பாக்டீரியாவை நம்பியிருக்கிறது. அந்தப் பாக்டீரியாவே செத்துப்போனால்? உயிர்வளி குறையாது. ஐந்தாம் நாள் மீட்டரில் எண் அழகாக இருக்கும். நச்சு நிறைந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் போலத் தேர்ச்சி பெற்றுவிடும்!

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடத்தில் ஒரு தந்திரம் உண்டு. ஒரே தண்ணீரை 6, 3, 1 மில்லிலிட்டர் என்று வெவ்வேறு அளவில் எடுத்து மூன்று போத்தல்களில் வைப்பார்கள். நல்ல சோதனையில் மூன்றும் ஏறக்குறைய ஒரே விடையைத் தர வேண்டும். அப்படியில்லாமல், நீர்க்க நீர்க்க விடை 300, 400, 700 என்று ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டும். நீர்க்கும்போது நச்சு வலுவிழக்கிறது. பாக்டீரியா பிழைத்து எழுந்து தன் வேலையைச் செய்கிறது.

கம்பளிச் சாயத் தண்ணீரில் அப்படி நச்சாக நிற்பது எது? பழைய குற்றவாளி ஒன்று உண்டு. குரோமியம்.

பள்ளிச் சீருடைக் காலுறையின் அடர்நீலம், கோட்டின் கறுப்பு போன்ற நிறங்கள் சலவையில் இறங்கக்கூடாது. அதற்குக் கம்பளியில் முதலில் ஒருவகைச் சாயத்தை ஏற்றி, பிறகு அதே தொட்டியில் டைகுரோமேட்டைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். கம்பளிக்குள் புகுந்ததும் அறுமதிப்புக் குரோமியம் மும்மதிப்புக் குரோமியமாகக் குறைகிறது. அது சாய மூலக்கூறுகளோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. நிறம் அதன்பின் அசையாது. சி.ஓ.டி. சோதனையில் நாம் பார்த்த அதே டைகுரோமேட், அதே வேதிவினை. ஆலை ஆற்றில் விடும் பொருளை வைத்தே ஆலையின் மாசை அளக்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். ஆய்வுக்கூடத்திலிருந்து மிஞ்சும் டைகுரோமேட்டையும் அதனால்தான் தொட்டியில் ஊற்றிவிடாமல் தனிக் கலனில் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது.

நம் 100 கிலோகிராம் நூலுக்கு 1 கிலோகிராம் பொட்டாசியம் டைகுரோமேட் போட்டதாக வைப்போம். அதில் குரோமியம் ஏறத்தாழ 353 கிராம். பத்தில் ஒரு பங்கு மட்டும் தண்ணீரிலேயே தங்கிவிட்டால் 35 கிராம்; லிட்டருக்கு 23 மில்லிகிராமுக்கும் சற்று மேல். மேலே சொன்ன மலேசிய விதிகளில் அறுமதிப்புக் குரோமியத்துக்கு வரம்பு 0.05 மில்லிகிராம். மும்மதிப்புக்கு 0.2, கீழ்ப்பகுதி ஆலைகள் என்றால் 1.

இரண்டுக்கும் ஏன் வேறு வேறு வரம்பு? மும்மதிப்புக் குரோமியம் உயிரணுக்களுக்குள் எளிதில் நுழைவதில்லை. அறுமதிப்பு நுழைந்துவிடும், மரபணுவைச் சிதைக்கும். அதன் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதிப்படுத்தப்பட்டுள்ளது. எனவே ‘இந்தத் தண்ணீரில் குரோமியம் எவ்வளவு?’ என்று கேட்டால் போதாது. எந்தக் குரோமியம் என்றும் கேட்டாக வேண்டும்.

அறுமதிப்பை மட்டும் பிடிக்க டைஃபீனைல்கார்பசைடு என்ற வினைபொருள் இருக்கிறது. அமிலம் கலந்த தண்ணீரில் அதைச் சேர்த்தால் அறுமதிப்புக் குரோமியம் இருக்கும் இடத்தில் சிவப்பு கலந்த ஊதா நிறம் தோன்றும். 540 நானோமீட்டர் அலைநீள ஒளியை அதனுள் செலுத்தி, எவ்வளவு ஒளி விழுங்கப்பட்டது என்று நிறமாலை ஒளிமானியில் பார்த்தால் அளவு தெரியும். மிக நுட்பமான சோதனை.

ஆனால் நம்மிடம் இருப்பது சாயத் தண்ணீர்! ஏற்கெனவே சிவப்பாகவோ ஊதாவாகவோ இருக்கும் தண்ணீரில் புதிய ஊதாவை எப்படித் தேடுவது? ஒரே தண்ணீரை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் வினைபொருளைச் சேர்த்து, மற்றதில் சேர்க்காமல் இரண்டையும் அளந்து கழிக்கலாம். நிறம் மிக அடர்த்தி என்றால் அதுவும் உதவாது. முதலில் குரோமியத்தைச் சாயத்திலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து போத்தலிலேயே இருக்கிறது. உலோகங்களை அளக்கத் தண்ணீர் எடுக்கும்போது, அவை போத்தலின் சுவரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நைட்ரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். மொத்தக் குரோமியத்துக்கு அது சரியான முறை. அறுமதிப்புக்கு அதுவே எமன். அமிலத்தில் அறுமதிப்புக் குரோமியம் தண்ணீரில் உள்ள கரிமப் பொருள்களைத் தாக்கி, தானே மும்மதிப்பாக மாறிவிடும். காலையில் ஆபத்தாக இருந்த தண்ணீர், ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேரும்போது ‘அறுமதிப்பு இல்லை’ என்ற சான்றிதழ் வாங்கத் தயாராக இருக்கும். யாரும் பொய் சொல்லவில்லை. கருவியும் சரியாகத்தான் வேலை செய்தது. அதனால் அறுமதிப்பைத் தேடுகிறவர்கள் தனிப் போத்தலில் எடுத்து, அதைக் காரத்தன்மையில் வைத்து, குளிரூட்டி, தாமதிக்காமல் கொண்டு ஓட வேண்டும்.

மொத்தக் குரோமியத்தை அளக்க அணு உறிஞ்சல் முறை கைகொடுக்கிறது. 1950களில் ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் உருவாக்கியது. தண்ணீரைச் சுடரில் தெளித்து, குரோமிய அணுக்கள் மட்டுமே விழுங்கும் ஒளியை அதன் வழியே செலுத்துவார்கள். சாயத்தின் நிறம் இங்கே தொந்தரவு செய்யாது. சுடரில் சாயம் எரிந்துபோகும்.

எப்போது மொண்டீர்கள்?

சாயப்பட்டறையின் குழாயில் நாள் முழுவதும் ஒரே மாதிரியான தண்ணீர் வருவதில்லை. காலை பத்து மணிக்கு அலசிய நீர், ஏறக்குறையத் தெளிவு. பதினொன்றுக்குக் கறுப்புத் தொட்டி திறக்கிறது. மதியம் ஒன்றுமில்லை. நள்ளிரவில் இன்னொரு தொட்டி. பத்து மணிக்கு வந்த அதிகாரி கொண்டுபோகும் போத்தலும், பதினொன்றேகாலுக்கு வந்தவர் கொண்டுபோகும் போத்தலும் இரண்டு வேறு ஆலைகளைப் பற்றிப் பேசும். ஆகவே ஒரு தானியங்கிக் கருவியைக் குழாயருகே வைத்து, 24 மணி நேரமும் ஓட்டத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒரே கலனில் சேர்த்து அளப்பதே நியாயமான வழி. அதோடு திடீரென விழும் நச்சைப் பிடிக்கத் தனிப் போத்தல்களும் வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு மணி நேரக் கறுப்பு மற்ற 23 மணி நேரத்தில் கரைந்து ஒளிந்துகொள்ளும்.

ஓட்டத்தையும் அளந்தாக வேண்டும். 1,500 லிட்டரில் லிட்டருக்கு 23 மில்லிகிராம் இருந்தாலும், குழாய்த் தண்ணீரை ஊற்றி 15,000 லிட்டராக்கி லிட்டருக்கு 2.3 ஆக்கினாலும், ஆற்றுக்குப் போவது அதே 35 கிராம்தான். செறிவை மட்டும் கேட்கும் விதியைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தே ஏமாற்றிவிடலாம்.

நிறத்தை இத்தனை நேரம் ஓரங்கட்டி வைத்திருந்தோம். அதற்கும் அளவு உண்டு. 1892இல் அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் பிளாட்டினம், கோபால்ட் சேர்மங்களைக் கரைத்து வெவ்வேறு அடர்த்தியில் மஞ்சள் திரவங்களை வைத்து, தண்ணீரை அவற்றோடு ஒப்பிட்டார். இலைதழை ஊறிய ஆற்றுநீருக்கு அது பொருந்தும். நீலமும் சிவப்புமாக வரும் சாயத் தண்ணீரை மஞ்சளோடு எப்படி ஒப்பிடுவது? அமெரிக்கச் சாய உற்பத்தியாளர் கழகம் பின்னர் இதற்கு ஒரு வழி கண்டது. எந்த நிறம் என்று பாராமல், தெளிந்த நீரிலிருந்து இந்தத் தண்ணீர் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மட்டும் கணக்கிடும் அளவு அது. அக்கழகத்தின் பெயர்ச் சுருக்கமான ஏ.டி.எம்.ஐ. என்றே அதை அழைக்கிறார்கள். மலேசிய விதிகளில் இதன் வரம்பு மேற்பகுதிக்கு 100, கீழ்ப்பகுதிக்கு 200. கிளந்தான், திரங்கானு மாநிலங்களின் பாத்தேக் பட்டறைகளில் ஓடுவது கம்பளித் தண்ணீர் இல்லை என்றாலும், அங்கும் அளக்க வேண்டியவற்றில் இது ஒன்று. நிறம் வெறும் அழகுப் பிரச்சினையும் இல்லை. வெளிச்சம் அடிவரை போகாவிட்டால் நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்ய முடியாது.

ஒரு கடுகளவு நஞ்சு

இவ்வளவும் அளந்து, பி.ஓ.டி. இறங்கி, குரோமியம் இறங்கி, நிறமும் தெளிந்த பிறகும் இங்கிலாந்தின் கம்பளி நகரங்களுக்குக் கீழே சில ஆற்றுப் பகுதிகளில் பூச்சிகள் திரும்பி வரவில்லை. மீன் இருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது. கல்லுக்கடியில் மட்டும் வெறுமை.

கம்பளிக்கு அந்துப்பூச்சி எதிரி. அதன் புழுக்கள் கெராட்டினைத் தின்று வாழ்பவை. வீட்டுத் தரைவிரிப்பு ஓட்டையாகாமல் இருக்க, சாயத் தொட்டியிலேயே பெர்மெத்ரின் போன்ற பூச்சிக்கொல்லியைச் சேர்ப்பார்கள். மனிதருக்கு அது பெரிய தீங்கில்லை. கொசுவலையில்கூட அதைத் தோய்க்கிறார்கள். ஆனால் பூச்சிக்கொல்லிக்கு அந்துப்பூச்சி வேறு, ஆற்றுப்பூச்சி வேறு என்று தெரியாது. நீரில் வாழும் பூச்சிகளையும் சிறு இறால்களையும் அது லிட்டருக்கு நானோகிராம் கணக்கிலேயே வாட்டத் தொடங்குகிறது.

நானோகிராம் என்றால் எவ்வளவு? ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்றால் அந்தக் குளம் முழுவதிலும் இருப்பது 2.5 மில்லிகிராம். தாளிக்கப் போடும் கடுகில் ஒன்று ஏறத்தாழ அந்த எடைதான் இருக்கும். பி.ஓ.டி. போத்தல் இதை உணராது. சி.ஓ.டி.யில் இது தூசுக்கும் கீழே. நிறமும் இல்லை. லிட்டர் கணக்கில் தண்ணீரை எடுத்து, கரைப்பானால் பிரித்துச் செறிவாக்கி, வாயு நிறப்பகுப்புக் கருவியில் செலுத்தினால்தான் முகத்தைக் காட்டும். அதுவும், இதைத்தான் தேடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கு மட்டும்.

தெரியாதவர்களுக்கு? அதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது: ஒரு வலை, ஒரு ஜோடி ரப்பர் காலணி. ஆற்றில் இறங்கி, வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதற்கு முன்னால் இருக்கும் கற்களை மூன்று நிமிடம் காலால் கிளற வேண்டும். வலையில் சிக்கிய உயிர்களை வெள்ளைத் தட்டில் கொட்டி இனம் பிரிக்க வேண்டும். பிரிட்டனில் 1980 வாக்கில் இதற்கு ஒரு மதிப்பெண் பட்டியலே போட்டார்கள். மாசைத் தாங்காத மேஃபிளை இளம்பூச்சிக் குடும்பங்கள் பலவற்றுக்கு 10 மதிப்பெண். சேற்றிலும் சாக்கடையிலும் பிழைக்கும் புழுக்களுக்கு 1. தட்டில் இருக்கும் குடும்பங்களின் மதிப்பெண்களைக் கூட்டினால் ஆற்றின் நிலை தெரியும். போத்தல் ஒரு நிமிடத் தண்ணீரைத்தான் பிடிக்கிறது. அந்தப் பூச்சிகளோ மாதக்கணக்கில், இரவும் பகலும், யாரும் பார்க்காத நேரத்தில் திறந்துவிட்ட தொட்டிகளையும் சேர்த்து அனுபவித்தவை.

ஆலையின் குழாய்க்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை வலை போடுவார்கள். மேலே எடுத்த தட்டில் மேஃபிளையும் நன்னீர் இறாலும் துள்ளும். கீழே எடுத்த தட்டில் புழு மட்டும் நெளியும். பூச்சிக்கொல்லியைத் தேடும் விலையுயர்ந்த சோதனைக்கு எந்த இடத்துத் தண்ணீரை அனுப்பலாம் என்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.